பேட்டரி மறுசுழற்சி ஆலைக்கு அனுமதி: மெஷினைப் பாக்குறதா, குவியலைப் பாக்குறதா?

கல்பாறை (இழை தொடங்கியவர்):
எல்லாருக்கும் வணக்கம். லித்தியம் அயான் பேட்டரி மறுசுழற்சி ஆலை ஒண்ணுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கு, நான் திட்டப் பிரிவுல இருக்கேன், கெமிஸ்ட்ரி படிச்சவன் இல்ல, நிலப் பயன்பாடு, ரோடு, வடிகால் இதுதான் நம்ம வேலை. வருஷத்துக்கு 10,000 டன் பழைய பேட்டரி எடுப்பாங்களாம், உடைச்சு பிளாக் மாஸ் (உலோகம் கலந்த கறுப்புப் பொடி) ஆக்கி அதே வளாகத்துல அமிலத்துல கரைச்சு நிக்கல், கோபால்ட், லித்தியத்தை உப்பா பிரிச்சு விப்பாங்களாம். பிராசஸ் பத்தி பக்கம் பக்கமா படம் போட்டு விளக்கியிருக்காங்க, ஷ்ரெட்டர் (பேட்டரியை உடைக்கிற மெஷின்) எந்த மாடல்ங்கிறது வரைக்கும் இருக்கு. கிடங்கு பத்தி மட்டும் ஒரே வரி, "ஒரே நேரத்தில் 1,500 டன் வரை பேட்டரிகள் இருப்பு வைக்கப்படும்". கருத்துரை எழுத வேண்டியது நான். எதைக் கேக்கணும், எதை விடணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாரி_தீ:
தம்பி, அந்த ஒரு வரிதான் உங்க மொத்த வேலையும். மீதி பக்கத்தையெல்லாம் அப்புறம் படிக்கலாம்.

கணக்கு போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 10,000 டன், 300 வேலை நாள்னு வச்சா ஒரு நாளைக்கு 33 டன் சொச்சம். 1,500 டன்னா 45 நாள் சரக்கு. எதுக்கு 45 நாள் சரக்கு உள்ள கிடக்கணும்ங்கிறதுதான் முதல் கேள்வி. கார் பேட்டரி பேக் ஒண்ணு சராசரியா கிலோவுக்கு 150 வாட் அவர்னு எடுத்துக்கிட்டா டன்னுக்கு 150 கிலோவாட் அவர், 1,500 டன்னுக்கு 225 மெகாவாட் அவர். இது முழு சார்ஜ்ல, பழசுல அவ்வளவு இருக்காதுன்னு வாதம் பண்ணுவாங்க, சரி, 30 சதவீதம்னு வைங்க, அப்பவும் 67 மெகாவாட் அவருக்கு மேல வருது. அதுவும் மின்சாரக் கணக்கு மட்டும்தான். எரிய ஆரம்பிச்சா எலக்ட்ரோலைட் (செல்லுக்குள்ள இருக்கிற திரவம்), பிளாஸ்டிக், கிராஃபைட் எல்லாம் சேர்ந்து குடுக்குற வெப்பம் அதைவிட பல மடங்கு.

இதுவரைக்கும் பெருசா எரிஞ்ச இடங்களைப் பாருங்க. 2021 ஜூன் கடைசியில அமெரிக்காவுல இல்லினாய் மாநிலம் மாரிஸ் ஊர்ல பழைய பேப்பர் மில் ஒண்ணு எரிஞ்சுது, உள்ள இருந்தது 100 டன் கிட்ட லித்தியம் பேட்டரி. அங்க எந்த மெஷினும் ஓடல, சும்மா அடுக்கி வச்சிருந்தாங்க. உள்ள பேட்டரி இருக்கிறதே ஊர் நிர்வாகத்துக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான பேரை வீட்டை விட்டு வெளியேத்தினாங்க, தண்ணி அடிக்க முடியாம கடைசியில போர்ட்லண்ட் சிமெண்டைக் கொட்டி மூடினாங்க. 2024 அக்டோபர் 30ல மிசூரி மாநிலம் ஃப்ரெடெரிக்டவுன்ல மறுசுழற்சி ஆலையே பத்திக்கிச்சு, அங்கயும் ஜனங்களை வெளியேத்தினாங்க, பக்கத்து ஓடையில மீன் செத்து மிதந்துச்சு.

இந்தத் தொழில்ல அனுமதி குடுக்குற ஆளுங்க மெஷினைப் பாத்து மயங்கிடுறாங்க. மெஷின்ல ஒரு நேரத்துல இருக்கிறது சில நூறு கிலோ. வெளிய காத்துக்கிட்டு கிடக்கிறது நூத்துக்கணக்கான டன்.

மின்கலம்77:
பாரி அண்ணே சொல்றதுல பெரும்பகுதி ஒத்துக்கிறேன், ஆனா ஆலை ஓட்டுறவங்க பக்கம் இருந்து ஒண்ணு. சரக்கு தினம் 33 டன்னு அளந்து வராது. ஒரு கார் கம்பெனி ரீகால் பண்ணினா, அதாவது குறையுள்ள பேட்டரியைத் திரும்ப வாங்கினா, ஒரே வாரத்துல ஏகப்பட்ட பேக் வந்து நிக்கும், அடுத்த ரெண்டு வாரம் ஒண்ணும் வராது. ஷ்ரெட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினா ஒவ்வொரு தடவையும் நைட்ரஜன் நிரப்பி ஆக்சிஜன் அளவைக் கீழ கொண்டு வரணும், பிளான்ட்ல ஆபத்து கூடுற நேரமே ஸ்டார்ட் பண்றதும் நிறுத்துறதும்தான். அதனால பஃபர் ஸ்டாக் இல்லாம ஓட்ட முடியாது. 45 நாள் அதிகம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஏழு, பத்து நாளுக்கு நியாயம் சொல்ல முடியும்.

மெஷினையும் லேசா விட்டுறாதீங்க. உடைக்கும்போது எலக்ட்ரோலைட் கரைப்பான் ஆவியா வெளிய வரும், அதுல டைமீதைல் கார்பனேட்னு ஒண்ணு இருக்கு, அது சாதாரண அறை வெப்பத்துலயே தீப்பிடிக்கிற ஆவியைக் குடுக்கும். நைட்ரஜன் அல்லது கார்பன் டை ஆக்சைடு சூழல்ல உடைக்கிறாங்களா, தண்ணிக்குள்ள முக்கி உடைக்கிறாங்களா, வெற்றிடத்துலயான்னு கேளுங்க. எந்த முறையா இருந்தாலும் ஆக்சிஜன் மீட்டர் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கணும், எல்லை தாண்டினா மனுஷன் கை வைக்காமயே மெஷின் நிக்கணும். அதைக் கண்ட்ரோல் லாஜிக்ல காட்டச் சொல்லுங்க, "ஆபரேட்டர் கவனிப்பார்"னு எழுதியிருந்தா திருப்பி அனுப்புங்க.

டிஸ்சார்ஜ் எப்படிப் பண்றாங்கன்னும் கேளுங்க. உப்புத் தண்ணியில போட்டு டிஸ்சார்ஜ் பண்றோம்னு சிலர் எழுதுவாங்க. சின்ன செல்லுக்கு ஓரளவு நடக்கும், ஆனா டெர்மினல் அரிச்சு ஹைட்ரஜன், குளோரின் வரும், அந்தத் தண்ணி முழுக்க அழுக்காகி அதுவே தனிக் கழிவாயிடும். பெரிய கார் பேக்கை ரெசிஸ்டர் பேங்க்ல இல்ல கிரிட்டுக்குத் திருப்பி விடுற சிஸ்டத்துல இறக்குறதுதான் முறை. ஆனா அடிபட்ட பேக்கை அப்படி இணைக்கவே முடியாது, அதோட பிஎம்எஸ் (பேக்கைக் கண்காணிக்கிற மின்னணு அமைப்பு) பேசாது, உள்ள எவ்வளவு சார்ஜ் இருக்குன்னே தெரியாது. அந்த ரகத்துக்குத் தனி வழி இருக்கான்னு பாருங்க.

ஓடைக்கரை:
நான் டெக்னிக்கல் ஆள் இல்ல, இந்த மாதிரி ஒரு ஆலைக்குப் பக்கத்துல குடியிருக்கிறவன்ங்கிற முறையில கேக்குறேன். எரிஞ்சா வர்ற புகையில ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்குன்னு சொல்றாங்க, அது உண்மையா, எவ்வளவு வரும்? எங்ககிட்ட கூட்டம் போட்டப்ப "நச்சு வாயு வர வாய்ப்பே இல்லை, எல்லாம் மூடிய அமைப்பு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

சுந்தரி_கெம்:
மூடிய அமைப்புங்கிறது ஆலை ஒழுங்கா ஓடுற வரைக்கும்தான் சார். கிடங்குல தீப்பிடிச்சா அது திறந்தவெளி.

எலக்ட்ரோலைட்ல லித்தியம் ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட்னு ஒரு உப்பு கரைஞ்சிருக்கு. சூடானாலும் சரி, ஈரம் பட்டாலும் சரி, அது உடைஞ்சு ஹைட்ரஜன் ஃப்ளோரைடு குடுக்கும். செல்லை எரிச்சு அளந்த ஆய்வுகள்ல ஒரு வாட் அவருக்கு 20ல இருந்து 200 மில்லிகிராம் வரைக்கும் வந்திருக்கு. செல் வகை, சார்ஜ் அளவைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம். மேல பாரி சார் போட்ட கணக்கை வச்சே பாத்தா, டன்னுக்கு 150 கிலோவாட் அவர், அப்போ ஒரு டன் எரிஞ்சா 3 கிலோவுல இருந்து 30 கிலோ வரைக்கும். பத்து டன் அடுக்கு ஒண்ணு எரிஞ்சா 30ல இருந்து 300 கிலோ. வெப்பத்துல மேல எழும்பிக் கலைஞ்சு போறதுனால எல்லாமே தரைக்கு வந்துராது, ஆனா காத்தில்லாத ராத்திரியில புகை தாழ்வா படியும். காத்துல அது 30 பிபிஎம் (பத்து லட்சத்துல 30 பங்கு) இருக்கிறது உயிருக்கு உடனடி ஆபத்துன்னு வச்சிருக்கிற அளவு. அதனால "வாய்ப்பே இல்லை"ங்கிற வார்த்தைக்கு இடமில்ல. எந்த அளவு குவியல் எரிஞ்சா எந்த தூரத்துல எவ்வளவு செறிவு வரும்னு புகை பரவல் மாடல் குடுக்கச் சொல்லணும். நல்ல வானிலைக்கு மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவாங்க, காத்து அசையாத இரவு நிலைக்கும் சேத்துக் கேளுங்க.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி பாதுகாப்பானது, அது எரியாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அதையும் இங்கயே சொல்லிடுறேன். அதுல தெர்மல் ரன்அவே (செல் தானா சூடேறிக் கட்டுக்கடங்காம போறது) தொடங்குறதுக்கு அதிக சூடு வேணும், வெப்பமும் குறைவு, உண்மைதான். ஆனா அது தீயா எரியாம வாயுவை மட்டும் கக்குறது உண்டு, அந்த வாயுவுல ஹைட்ரஜன் கணிசமா இருக்கும், மூடின அறையில சேர்ந்தா வெடிக்கும். 2019 ஏப்ரல்ல அரிசோனாவுல பேட்டரி சேமிப்பு நிலையம் ஒண்ணுல கதவைத் திறந்ததும் வெடிச்சு தீயணைப்பு வீரர்கள் படுகாயம் அடைஞ்சாங்க. அது என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகைதான், ஆனா நடந்தது வாயு சேர்ந்து வெடிச்சது. கிடங்குக் கட்டடத்துக்கு வாயு வெளியேத்தமும் வெடிப்பு அழுத்தம் வெளிய போற பலகைகளும் உண்டான்னு வரைபடத்துல பாருங்க.

ஓடைக்கரை:
நன்றி மேடம். முதல் தடவையா ஒரு எண்ணோட பதில் கிடைச்சிருக்கு. அப்போ தண்ணி? ஃப்ரெடெரிக்டவுன்ல மீன் செத்ததுன்னு போட்டிருக்காங்க, எங்க ஆலைக்குப் பின்னாலயும் ஓடைதான்.

பாரி_தீ:
தண்ணிதான் இதுல ரெண்டு பக்கமும் வெட்டுற விஷயம். பேட்டரித் தீயை அணைக்க தண்ணி அடிக்கக்கூடாதுன்னு பல பேர் நம்புறாங்க, லித்தியம் உலோகம் இருக்கிற ஒரு தடவை பயன்படுத்துற பேட்டரிக்கு அது பொருந்தும், லித்தியம் அயானுக்கு அப்படி இல்ல. எரியுற செல்லைத் தண்ணி நிறுத்தாது, பக்கத்துல இருக்கிற செல்லைக் குளிர வச்சுப் பரவாம தடுக்கும், அதுக்கு அதைவிட நல்லது இன்னும் வரல. ஆனா அடிச்ச தண்ணி ஃப்ளோரைடு, நிக்கல், கோபால்ட் எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு கீழ ஓடும்.

நிமிஷத்துக்கு 4,000 லிட்டர் வீதம் ஒரு நாள் முழுக்க அடிச்சா 57 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர், அதாவது 5,760 கன மீட்டர். இந்த மாதிரி தீ ஒரு நாளோட முடியும்னும் சொல்ல முடியாது, அணைஞ்ச மாதிரி தெரிஞ்சு திரும்பவும் பத்திக்கும். அந்தத் தண்ணி முழுக்க வளாகத்துக்குள்ளயே நிக்கிற தொட்டி இருக்கா, அந்த நேரம் மழை பெஞ்சா அதையும் சேத்துத் தாங்குமா, மழைநீர் வடிகால் வாய்க்கால்ல உடனே அடைக்கிற வால்வு இருக்கா, அந்த வால்வு கரண்ட் போனா என்ன ஆகும். இத்தனைக்கும் விண்ணப்பத்துல பதில் இல்லன்னா ஓடைக்குப் பதில் இல்லன்னு அர்த்தம். கல்பாறை தம்பி, வடிகால் உங்க துறைதானே, இந்த இடத்துல நீங்கதான் நிபுணர், தைரியமா எழுதுங்க.

கல்பாறை:
அண்ணே இது உண்மையிலேயே என் கைக்குள்ள இருக்கிற விஷயம். அவங்க போட்டிருக்கிற குளம் மழைநீருக்கு மட்டும், அளவு 800 கன மீட்டர். தீ தண்ணி பத்தி ஒரு வார்த்தை இல்ல. இதை முதல் கேள்வியா வைக்கிறேன்.

இன்னொண்ணு, வளாகத்தோட ஒரு மூலை வெள்ளம் வர்ற பகுதி எல்லைக்குள்ள வருது, அங்கதான் கிடங்கு வரைஞ்சிருக்காங்க.

பாரி_தீ:
அதை மாத்தச் சொல்லாம மேல ஒரு அடி நகராதீங்க. 2022ல இயன் புயலுக்கு அப்புறம் ஃப்ளோரிடாவுல கடல் தண்ணியில முங்கின எலக்ட்ரிக் கார்கள் நாள் கழிச்சு எரிஞ்சுது. ஓட்டையா கிடக்கிற பழைய பேக்குக்குள்ள வெள்ளத் தண்ணி போனா நீங்க எந்த அலாரமும் வச்சுப் பிரயோஜனம் இல்ல. ஐரோப்பிய யூனியனோட 2023 பேட்டரி ஒழுங்குமுறையிலயே கழிவு லித்தியம் பேட்டரியை அதிக வெப்பம், தண்ணி, நசுங்கல் மூணுல இருந்தும் காப்பாத்தணும், காத்தோட்டமான இடத்துல, வண்டியில பொருத்தியிருந்த அதே நிலையில வைக்கணும், உயர் மின்னழுத்தம் தாங்குற ரப்பர் போட்டு மூடணும்னு இருக்கு. நீர் இறங்காத தரையும் மேற்கூரையும், இல்லன்னா பொருத்தமான கொள்கலன் கட்டாயம்.

குவியல் அளவுக்கும் ஒரு முன்மாதிரி இருக்கு. 2024 சர்வதேச தீ விதித்தொகுப்புல திறந்தவெளியில வைக்கிற லித்தியம் அயான் பேட்டரிக்கு ஒரு பகுதி 900 சதுர அடிக்கு மேல போகக்கூடாது, உயரம் 10 அடிக்குள்ள, ரெண்டு பகுதிக்கு நடுவுல குறைஞ்சது 10 அடி இடைவெளி. என் அபிப்பிராயத்துல அந்த 10 அடி பத்தாது, தீயணைப்பு வண்டி நடுவுல நுழைஞ்சு திரும்பணும், நடுவுல கான்கிரீட் சுவர் இல்லன்னா வெப்பக் கதிர்வீச்சே அடுத்ததைப் பத்த வச்சிரும்.

கணக்கன்_மு:
இதுவரைக்கும் யாரும் தொடாத பக்கம் ஒண்ணு இருக்கு, காசு. எதுக்கு 45 நாள் சரக்குன்னு பாரி அண்ணன் கேட்டாரே, அதுக்கான பதில் பாதி அங்கதான் இருக்கு.

நிக்கல், கோபால்ட் விலை இறங்கினா மறுசுழற்சிக்காரர் உடைச்சு விக்கிறதுல நஷ்டம். எல்எஃப்பில நிக்கலும் இல்ல கோபால்டும் இல்ல, லித்தியமும் செம்பும்தான் காசு, லித்தியம் விலை விழுந்தா அதுவும் போச்சு. ஆனா பேட்டரியை எடுத்துக்கிறதுக்கு அனுப்புறவன்கிட்ட கட்டணம் வாங்கியாச்சு. அப்போ என்ன பண்ணுவாங்க, வாங்கிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க, விலை ஏறட்டும்னு காத்திருப்பாங்க. குவியல் அப்படித்தான் வளருது, எல்லாருமே கெட்ட எண்ணத்தோட பண்றாங்கன்னு இல்ல, கணக்கு அந்தப் பக்கம் தள்ளுது. கம்பெனி படுத்துட்டா மிச்சம் இருக்கிறது யாருக்கும் வேண்டாத ஆபத்தான மலை, சுத்தம் பண்ற செலவு ஊர் தலையில. இந்தத் துறையில பெருசா பேசப்பட்ட கனடாவோட லை-சைக்கிள் கம்பெனியே 2025ல திவால் பாதுகாப்பு கேட்டு, கடைசியில சொத்து கிளென்கோர்ங்கிற சுரங்க கம்பெனி கைக்குப் போச்சு, அங்க வாங்க ஆள் இருந்துச்சு, எல்லா இடத்துலயும் இருக்கும்னு சொல்ல முடியாது.

அதனால ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, இருப்புக்கு வயசு வரம்பு. அமெரிக்க அபாயக் கழிவு விதியில மறுசுழற்சிக்குன்னு சொல்லி வச்சிருக்கிற பொருள்ல 75 சதவீதம் ஒரு காலண்டர் வருஷத்துக்குள்ள உண்மையிலேயே மறுசுழற்சி ஆகியிருக்கணும், இல்லன்னா அது வெறும் குவிப்புன்னு எடுத்துக்குவாங்க. பேட்டரிக்கு ஒரு வருஷமே ரொம்ப அதிகம், ஆனா கோட்பாடு சரி. ரெண்டாவது, நிதி உத்தரவாதம். அனுமதிச்ச உச்ச இருப்பு முழுக்கவும் அங்க கிடக்கு, கம்பெனி இல்ல, மூணாவது ஆள் வந்து பேக் பண்ணி எடுத்துட்டுப் போய் வேற ஆலையில அழிக்கணும், அதுக்கு ஆகுற முழுச் செலவுக்கு பேங்க் கியாரண்டி. முதல் லாரி உள்ள வர்றதுக்கு முன்னாடி அது கையில இருக்கணும். இந்த நிபந்தனை போட்டா ஒரு அதிசயம் நடக்கும் பாருங்க, 1,500 டன் கேட்டவங்க தானா 400 டன் போதும்பாங்க, ஏன்னா ஒவ்வொரு டன்னுக்கும் பணம் முடங்கும்.

மின்கலம்77:
கணக்கன் சொன்ன ரெண்டாவது நிபந்தனை நல்ல யோசனை, நான் இருந்த எந்த ஆலையிலயும் இருப்பைக் குறைக்கணும்னு மேலிடத்துக்குத் தோணினது காசு முடங்கினப்பதான்.

ஓடைக்கரை:
இவ்வளவும் படிச்ச பிறகு எனக்குத் தோணுறது, இதை வேண்டாம்னு சொல்லிட்டாலே போதாதா? ஜனங்க இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல எதுக்கு இது?

சுந்தரி_கெம்:
உங்க பயம் நியாயம் சார், நான் அதைக் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா ஆலை இல்லன்னா பேட்டரி இல்லாம போயிடாது. போன்லயும் ஸ்கூட்டர்லயும் கார்லயும் ஏற்கனவே இருக்கு, அது ஒவ்வொண்ணும் ஒரு நாள் சாகும். ஒழுங்கான ஆலை இல்லாத இடத்துல அது பழைய இரும்புக் கடையில சுத்தியலால உடைபடும், குப்பை லாரியில நசுங்கி எரியும், இல்ல பேரே தெரியாத ஒரு கிடங்குல மாரிஸ் மாதிரி கிடக்கும். அங்க தீ தண்ணித் தொட்டி கேக்குறதுக்கு விண்ணப்பமே இருக்காது. இந்தியாவோட 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதி புதைக்கிறதையும் எரிக்கிறதையும் தடை பண்ணியிருக்கு, ஐரோப்பாவுல 2027 முடிவுக்குள்ள லித்தியத்துல 50 சதவீதம், 2031 முடிவுக்குள்ள 80 சதவீதம் திரும்ப எடுக்கணும்னு இலக்கு. எங்கயோ ஒரு இடத்துல இது நடந்தே ஆகணும். இந்த இடத்துல வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, வெள்ளம் வர்ற மூலையும் பின்னால ஓடையும் இருக்கிற நிலம்னா நானே உங்க பக்கம்தான் நிப்பேன். ஆனா எங்கயுமே வேண்டாம்னா அது நடக்காது.

ஓடைக்கரை:
புரியுது மேடம். அப்போ என் கோரிக்கை, கிடங்குல இன்னைக்கு எத்தனை டன் இருக்குன்னு வெளிய இருக்கிற எங்களுக்கும் தெரியணும். அவங்க சொல்றதை நம்பி உக்காந்திருக்க முடியாது.

சுந்தரி_கெம்:
நிச்சயமா கேக்கலாம். கல்பாறை சார், இப்ப ஈரப் பக்கத்துக்கு வர்றேன், அதாவது அமிலத்துல கரைக்கிற பகுதி. இங்கயும் கதை அதேதான், என்ன வெளிய வருதுங்கிறதைவிட என்ன தேங்குதுன்னு பாருங்க.

பிளாக் மாஸை கந்தக அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு ரெண்டும் போட்டுக் கரைச்சு, அப்புறம் சால்வன்ட் எக்ஸ்ட்ராக்ஷன்ல, அதாவது எண்ணெய்க் கரைப்பானால இழுத்து, ஒவ்வொரு உலோகமா பிரிப்பாங்க, காஸ்டிக் சோடா போட்டு பிஹெச் ஏத்துவாங்க. அமிலமும் காஸ்டிக்கும் சேர்ந்தா சோடியம் சல்ஃபேட். வேதிக் கணக்கு போட்டா ஒரு டன் நிக்கல் வகை கேத்தோடு (செல்லோட நேர்மின்வாய்ப் பொருள்) கரைக்கிறதுக்கு ரெண்டு டன்னுக்கு மேல சோடியம் சல்ஃபேட் வரும், உபரி அமிலத்தை நடுநிலையாக்குறதைச் சேத்தா இன்னும் கூடும். "கழிவு நீர் பூஜ்யம்"னு எழுதியிருப்பாங்க, ஆவியாக்கிப் படிகமாக்கினா தண்ணி பூஜ்யம்தான், அந்தப் படிக மலை எங்க போகும், வாங்குறதுக்கு யார் ஒப்பந்தம் போட்டிருக்கா, நிக்கல் கலந்திருந்தா யாரும் வாங்க மாட்டாங்களே, அதைக் கேளுங்க. ஓடையில விட்டா உப்புச் சுமையிலயே ஓடை கெட்டுப் போகும்.

சால்வன்ட் எக்ஸ்ட்ராக்ஷன்ல கரைப்பானா மண்ணெண்ணெய் வகை எண்ணெய் டேங்க் டேங்க்கா இருக்கும். ஆஸ்திரேலியாவுல ஒலிம்பிக் டேம் சுரங்கத்துல அந்தப் பிரிவு 1999லயும் 2001லயும் ரெண்டு தடவை எரிஞ்சிருக்கு. பேட்டரி ஆலைன்னதும் எல்லாரும் பேட்டரியை மட்டும் பாத்துட்டு இதை மறந்துடுறாங்க. பேட்டரி கிடங்கும் இந்த எண்ணெய்ப் பிரிவும் பக்கத்துல பக்கத்துல இருக்கான்னு வரைபடத்தைத் திறந்து பாருங்க.

பிளாக் மாஸ் மூட்டையும் அப்பாவி இல்ல. ஒழுங்கா உலர்த்தலன்னா மிச்ச எலக்ட்ரோலைட் ஆவி வரும், ஈரம் பட்டா உள்ள இருக்கிற அலுமினியமும் லித்தியம் ஏறின கிராஃபைட்டும் தண்ணியோட வினை பண்ணி ஹைட்ரஜன் விடும், சூடாகும். காத்தோட்டம் இல்லாத கன்டெய்னர்ல பூட்டி வைக்கக்கூடாது. 2025 மார்ச்சுல ஐரோப்பிய ஆணையம் பிளாக் மாஸை அபாயக் கழிவுன்னே வகைப்படுத்திடுச்சு. தூசி பறந்தா நிக்கல் சேர்மங்கள் மூச்சுல போகும், அது மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது. தூசி வெளிய போகாம அந்தப் பகுதி வெளிக்காத்தைவிடக் கீழ் அழுத்தத்துல இருக்கணும், வேலை செய்றவங்க வீட்டுக்குப் போற உடுப்பு வேற, உள்ள போடுற உடுப்பு வேற, சிறுநீர்ல நிக்கல் கோபால்ட் பரிசோதனை தொடர்ந்து நடக்கணும்.

கல்பாறை:
மேடம், வரைபடம் திறந்து பாத்தேன். எண்ணெய்ப் பிரிவும் பேட்டரி கிடங்கும் ஒரே சுவர்.

பாரி_தீ:
அந்த ஒரு காரணத்துக்கே வரைபடம் திரும்பிப் போகணும்.

வேலை செய்றவங்க பேச்சு வந்ததால சொல்றேன். 2024 ஜூன் 24ல தென் கொரியாவுல ஹ்வாசோங் பேட்டரி தொழிற்சாலையில 23 பேர் செத்தாங்க. அது லித்தியம் உலோக பேட்டரி, மறுசுழற்சியும் இல்ல, ஆனாலும் பாடம் இங்கதான் வேணும். அடுக்கி வச்சிருந்த ஒரு பேட்டரியில ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் கூட ஆகல, அறை முழுக்கப் புகை. செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க வெளிநாட்டுல இருந்து வந்த தொழிலாளர்கள். பிரிச்செடுக்குற மேஜை இருக்கிற அறையில அன்னன்னைக்கு வேணுங்கிற பேக் மட்டும்தான் இருக்கணும், ஒவ்வொரு மேஜையில இருந்தும் ரெண்டு திசையில வெளிய போற வழி, அந்த வழியில பேட்டரி அடுக்கக்கூடாது. பயிற்சி அவங்க பேசுற மொழியில, ஒப்பந்தத் தொழிலாளின்னாலும் முதல் நாளே. 400ல இருந்து 800 வோல்ட் டிசி பேக்கைப் பிரிக்கிறாங்க, மின்காப்புக் கையுறை தேதி போட்டு டெஸ்ட் ஆகியிருக்கணும். ஹெச்எஃப் (ஹைட்ரஜன் ஃப்ளோரைடு) பட்டா தடவுற கால்சியம் குளுகோனேட் ஜெல் கை எட்டுற தூரத்துல. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இதைப் பத்தி முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கணும், இல்லன்னா சாதாரண தீக்காயம்னு பாப்பாங்க.

அலாரம் விஷயத்துல புகை டிடெக்டரை மட்டும் நம்பக்கூடாது, புகை வர்றதுக்குள்ள பாதி முடிஞ்சிரும். தெர்மல் கேமரா 24 மணி நேரமும், கூடவே ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு சென்சார். ஊதின பேக்கு, அடிபட்ட பேக்கு வந்தா பிரதான கிடங்குக்குள்ள போகவே கூடாது, வெளிய தனியா, நாலு பக்கமும் இடைவெளி விட்டு, பக்கத்துலயே தண்ணி நிரம்பின முக்குத் தொட்டி. ராத்திரி காவலுக்கு இருக்கிற ஆளுக்கு யாரைக் கூப்பிடணும்னு தெரியணும், பெரும்பாலும் ராத்திரியில தனியா இருக்கிறது அவர்தான்.

கல்பாறை:
ஒரு நடைமுறைச் சிக்கல். காத்து ஒரு துறை, தண்ணி ஒரு துறை, தீ ஒரு துறை, தொழிலாளர் ஒரு துறை. ஒவ்வொருத்தரும் அவங்க பகுதிக்கு மட்டும் கையெழுத்து போடுறாங்க. 1,500 டன்ங்கிற அந்த எண்ணை யாரும் அவங்க பொறுப்புன்னு எடுத்துக்கல. காத்துத் துறை புகைபோக்கியைப் பாக்குது, தண்ணித் துறை வெளியேத்துற குழாயைப் பாக்குது. கிடங்கு யார் கண்ணுலயும் படல.

கணக்கன்_மு:
அதை உங்க கருத்துரையிலயே முதல் பத்தியா எழுதுங்க. திட்ட அனுமதியில இருப்பு உச்சத்தை ஒரு நிபந்தனையா போட உங்களுக்கு அதிகாரம் உண்டுன்னா அந்த எண் உங்களோடது. எடை மேடையில உள்ள வந்தது, வெளிய போனது, மெஷினுக்குள்ள போனது மூணும் பதிவாகுது, கழிச்சா இருப்பு. அதை தீயணைப்புத் துறைக்கு நேரடியா போற மாதிரி வைங்க, பொதுவுல தினமும் போடச் சொல்லுங்க, ஓடைக்கரை சார் கேட்டதும் அதுதான். எண் தாண்டினா கேட்ல லாரி நிக்கணும், அபராதம் கட்டி உள்ள விடுறதுங்கிற வழியே இருக்கக்கூடாது.

மின்கலம்77:
ரீகால் மாதிரி சமயத்துல லாரியை கேட்ல நிறுத்தினா அடிபட்ட பேட்டரி ரோட்டுல நிக்கும், அது இன்னும் மோசம். அதனால வரவை முன்பதிவு பண்ற முறை வைக்கச் சொல்லுங்க, இடம் இருக்குன்னு ஆலை உறுதி சொன்ன பிறகுதான் அனுப்புறவர் வண்டியை ஏத்தணும். சேதமான பேட்டரிக்கு ஐநா போக்குவரத்து விதியில பி908, பி911ன்னு தனி பேக்கிங் முறை இருக்கு, அந்தக் காகிதம் இல்லாம வர்றதை என்ன செய்வாங்கங்கிறதும் எழுத்துல இருக்கணும்.

கூடவே ஒரு யோசனை. முதல் வருஷம் 300 டன் இருப்புக்கு மட்டும் அனுமதி குடுங்க. ஷ்ரெட்டர் நிஜத்துல தினம் எத்தனை டன் ஓட்டுதுன்னு எடை மேடைப் பதிவுல தெரிஞ்சிரும். புது பிளான்ட் எதுவும் பேப்பர்ல போட்ட வேகத்துல முதல் வருஷம் ஓடாது. ஓட்டாம இருப்பு மட்டும் ஏறுதுன்னா 300 டன்னுக்கு மேல கூட்டுற அனுமதியைத் தொட வேண்டாம்.

கல்பாறை:
300 டன்னா தினம் 33 டன் கணக்குல ஒன்பது நாள். மின்கலம் அண்ணன் முதல்ல சொன்ன ஏழு, பத்து நாளுக்குள்ள சரியா வருது. கிடங்கை வெள்ள எல்லைக்கு வெளிய மாத்தி, எண்ணெய்ப் பிரிவை விட்டுப் பிரிச்சு, தீ தண்ணித் தொட்டியோட புது வரைபடம் கேட்டு எழுதுறேன். காத்தில்லாத இரவுக்கான புகை மாடலும், சோடியம் சல்ஃபேட் வாங்குறவங்க ஒப்பந்தமும் இணைப்பா கேக்குறேன். பேங்க் கியாரண்டி தொகையை யார் மதிப்பிடணும்? அவங்களே குடுக்குற எண்ணை ஏத்துக்கலாமா?

கணக்கன்_மு:
வேண்டாம். அவங்களோட தொடர்பில்லாத வேற ரெண்டு ஆலைகிட்ட இருந்து 300 டன் கலப்பு பேட்டரியை, அதுல ஒரு பகுதி சேதமானதுன்னு வச்சு, எடுத்துட்டுப் போக விலைப்புள்ளி வாங்குங்க, அதிகமானதை எடுத்துக்கோங்க. வருஷா வருஷம் திரும்ப மதிப்பிடணும்ங்கிற வரியையும் சேத்துருங்க, ஏன்னா இப்ப காசு குடுத்து வாங்கிக்கிறவங்களே அடுத்த வருஷம் எல்எஃப்பி அதிகமா வந்தா நம்மகிட்ட காசு கேப்பாங்க.